உங்க வூட்டுல இன்னா குடுப்பாங்க?

கம்பவுண்டர் வேலை என்றால் மருந்து கொடுக்கிற வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். அதில் பாதி, வருகிறவர்கள் சொல்கிற மருந்தைக் கேட்டுக்கொள்கிற வேலை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு கையால் மிக்ஸ்சரை வாங்கிக்கொண்டே, எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கே வர மாட்டோம் என்று ஆரம்பிப்பார்கள். ஒரே ஒரு தடவை இருமிவிட்டு, தெருவில் உள்ளவர்கள் சொன்ன கஷாயத்தையெல்லாம் குடித்துத் தீர்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் நீங்களும் என் கட்சிதான்.

ஆந்திரா மதராஸிலிருந்து பிரிந்து சில வருஷம் ஆகியிருந்தது. எல்லை மட்டும் இன்னும் முடிவாகவில்லை. புத்தூருக்கும் வடமாலபேட்டைக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கே இரண்டு அறையும் ஒரு வராண்டாவும் உள்ள டிஸ்பென்சரி. டாக்டர், நான், ஆயா முனியம்மா என்று மூன்றே பேர். டாக்டர் கிருஷ்ணா ஜில்லாக்காரர், கல்யாணமாகாதவர், தமிழ் அரைகுறை. வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ்க் குடியானவர்கள். அவர்கள் சொல்வதை நான் தெலுங்கில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வயிற்றுவலியைச் சொல்லிவிடலாம். அதற்கு வீட்டில் என்னென்ன செய்தார்கள் என்று சொல்வதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் சித்தூரில் ஓர் அநாதை விடுதியில் வளர்ந்தவன். அங்கே யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒரே மாத்திரை, ஒரே கஞ்சி. வீட்டு வைத்தியம் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. வீடே தெரியாது என்னும்போது வைத்தியம் எங்கே தெரியும்?

போய்ட்டு வாங்க

வேலையில் சேர்ந்த முதல் வாரம். நாராயணவனத்திலிருந்து ஒரு நெசவுக்காரர் வந்திருந்தார். காலில் புண். கட்டுப் போட்டு முடித்ததும், விடுதியில் கற்றுக்கொடுத்த மரியாதைப்படி கைகூப்பி, "போய்ட்டு வாங்க" என்றேன். படி இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விந்தி விந்தி உள்ளே வந்து, பழையபடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். முனியம்மாவிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். நான் சொன்ன வார்த்தை கரைந்து போவதற்காக உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஆஸ்பத்திரியில் யாரையும் திரும்பி வரச் சொல்லக் கூடாதாம். கடைசியில் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"இப்ப 'போ'ன்னு மட்டும் சொல்லு. வா வான்னு கூப்புட இது இன்னா உன் மாமியார் வூடா?"

எருக்க இலை

கோவிந்தசாமி என்று ஒரு குடியானவர். முப்பது வயதிருக்கும். முதுகில் கட்டியோடு வந்தபோது அதன் மேல் இரண்டு குடும்பத்து வைத்தியம் அடுக்கடுக்காக இருந்தது. அடியில் அவர் அம்மா வைத்த மஞ்சளும் சுட்ட வெங்காயமும். அதன் மேல் அவர் மனைவி விளக்கெண்ணெய் தடவி வாட்டி வைத்த எருக்க இலை. எந்த வைத்தியம் நிற்பது என்பதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை முற்றி, மருமகள் திருத்தணிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். டாக்டர் எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டுக் கத்தி வைத்தார். பத்து நாளில் ஆறிப் போனது.

ஆறிய பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார். வராண்டாவில் உட்காருவார், எழுந்து போய்விடுவார். ஒரு நாள் ஜன்னலண்டை வந்து, இன்றைக்கு என் மச்சான் உன்னைப் பார்க்க வருவான், கட்டி எப்படி ஆறியது என்று கேட்பான் என்றார். தன் தங்கை வைத்த இலையில்தான் ஆறியது என்று தெரிந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறானாம். அம்மாவைச் சமாளிப்பது தன் பாடு என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னல் கம்பியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"கத்தியில ஆறிச்சின்னு சொல்லிடாத கம்பொண்டரே. எருக்க இலையில ஆறிச்சின்னு சொல்லு. வூட்டுல அவ இல்லாம எனக்கு சோறு எறங்கல."

நூறு

பொடிகளை உரலில் போட்டு அரைக்கிறவனுக்குத் தும்மலுக்குப் பஞ்சமில்லை. இந்த ஊர்ப் பக்கம் குழந்தை தும்மினால் தாய் உடனே "நூறு" என்பாள். இன்னொரு தும்மலுக்கு "எரநூறு". அத்தனை வயது இருக்க வேண்டுமாம். சில நாள் வராண்டா முழுக்க நூறும் இருநூறுமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். ஜலதோஷ சீசனில் ஊரில் ஆயிரம் வயதுக்குக் குறைந்த குழந்தையே கிடையாது.

ஒரு நாள் மத்தியானம், ஆள் யாரும் இல்லை. நான் உள்ளே அரைத்துக்கொண்டிருந்தேன். தும்மினேன். வெளியே கட்டுத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்த முனியம்மாவின் குரல், "நூறு" என்றது. யார் குழந்தையோ வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். வராண்டாவில் யாரும் இல்லை. முனியம்மா துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவள். மற்றவர்கள் முன்னால் கம்பொண்டரய்யா என்பாள். அவளும் நானுமாக இருக்கும்போது நைனா. அங்கே அப்பாவையும் நைனா என்பார்கள், பிரியமாக மகனையும் நைனா என்பார்கள்.

"ஏன் நைனா அப்டி பாத்துக்கினு கீற? உனக்குத்தான் சொன்னேன்."

டாக்டருக்குக் காய்ச்சல்

டாக்டருக்கே காய்ச்சல் வந்தது. பின்பக்கத்து அறையில் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். அவர் எழுதிக்கொடுத்த மிக்ஸ்சரையே கலந்து எடுத்துப் போனேன். மேஜையில் வைக்கச் சொன்னார், தொடவில்லை. பிறகு தயங்கித் தயங்கி, ஊரில் காய்ச்சல் என்றால் அம்மா ஒரு மிளகுச் சாறு வைப்பாள் என்றார். மிளகு, சீரகம், பூண்டு இருக்கும், புளி இருக்காது, அவ்வளவுதான் தெரியும் என்றார்.

முனியம்மா வைத்துக் கொடுத்தாள். ஊரில் சிலர் அவள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள். அவளுடைய ஆட்கள் குடியிருப்பது ஊருக்கு வெளியே. டாக்டர் அவளிடமே கேட்டு வாங்கிக் குடித்தார். ஆனால் ஒரு வாய் குடித்துவிட்டு, இது இல்லை என்று தலையை ஆட்டினார். மறுநாள் அவள் பூண்டைச் சுட்டுப் போட்டாள். அதுவும் இல்லை. மூன்றாம் நாள் ஓமம் ஒரு சிட்டிகை போட்டு எடுத்து வந்தாள். டாக்டர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதுவும் இல்லையா என்று நான் கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே பதில் வந்தது, அவருடைய அரைகுறைத் தமிழில்.

"ருசி இதுதான். அம்மா பக்கத்துல குந்தி, குடி குடின்னு திட்டும். அது இல்ல."

பொரிக்கஞ்சி

இதுவரை சொன்னது எதிலும் உயிர் போகிற விஷயம் இல்லை. இதில் இருந்தது.

காலையில் ஒரு கட்டை வண்டி வந்து நின்றது. எட்டு மாசக் குழந்தை, அதன் தாய் செல்லம்மா, அவள் நாத்தனார். குழந்தைக்கு இரண்டு நாளாகப் பேதி. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று ஒருவரிடம் போய்த் தொக்கம் எடுத்திருந்தார்கள். பேதியாகிற குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். இரண்டு நாளாகத் தாய்ப்பாலைக்கூடக் குறைத்துவிட்டிருந்தார்கள். உச்சிக்குழி பள்ளமாக விழுந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, ஊசியைவிட இப்போது தண்ணீர்தான் முக்கியம், உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றி ஸ்பூன் ஸ்பூனாக நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும், பாலையும் நிறுத்தக் கூடாது என்றார். நான் தமிழில் சொன்னேன். நாத்தனார் முடியாது என்றாள். தன் அம்மா ஏழு பிள்ளை வளர்த்தவள், தண்ணீர் கொடுக்கவே கூடாது என்பாள், தெலுங்கு டாக்டருக்கு எங்கள் வீட்டுக் குழந்தையின் உடம்பு என்ன தெரியும் என்றாள். செல்லம்மா குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நாத்தனார் கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டாள். நீயும் தமிழாள்தானே, உங்க வூட்டுல இன்னா குடுப்பாங்க?

அந்தக் கேள்வியை அந்த ஊரில் நூறு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சிரித்து மழுப்பிவிடுவேன். அன்றைக்கு மழுப்ப நேரமில்லை. வாய் தானாகப் பேசியது. எங்கம்மா அரிசிப்பொரியைப் போட்டுக் கொதிக்க வைப்பாள், குழைந்ததும் வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்பும் துளி வெல்லமும் போட்டு ஆற்றி, ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே இருப்பாள், அப்படித்தான் நான் பிழைத்தேன் என்றேன். விடுதி வார்டன் கொடுத்த கஞ்சியையும் டாக்டர் சொன்ன தண்ணீரையும் கலந்து, முகமே தெரியாத ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டேன். டாக்டர் என்னைப் பார்த்தார். அவருக்கு அவ்வளவு தமிழ் புரிந்தது.

நாத்தனார் யோசித்தாள். பிறகு, பொரி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். முனியம்மா கடைக்கு ஓடினாள். வராண்டா ஓரத்தில் கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். கஞ்சியை நாத்தனார் தன் கையாலேயே காய்ச்சினாள். முதல் ஸ்பூன் வாயோரமாக வழிந்துவிட்டது. இரண்டாவது பாதி உள்ளே போனது. நான் மற்றவர்களுக்கு மருந்து கொடுப்பேன், எட்டிப் பார்ப்பேன். மத்தியானம் குழந்தை ஸ்பூனை நாக்கால் தேடியது. பொழுது சாய்கிற நேரத்தில் செல்லம்மா திடீரென்று "ஐயோ" என்றாள். எல்லாரும் ஓடினோம். மடியைத் தூக்கிக் காட்டினாள். புடவை நனைந்திருந்தது. குழந்தை மூத்திரம் போயிருந்தது. டாக்டர் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சின்னப் பையன் மாதிரி சிரித்தார்.

மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினோம். வண்டி ஏறும்போது செல்லம்மா, அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"உங்கம்மா எந்தத் தெசையில கீறாங்க? சொல்லுங்க, கும்புட்டுட்டுப் போறேன்."

சொந்த ஊர்

நான் எந்தப் பக்கம் கையைக் காட்டினேன் என்பது நினைவில்லை. எந்தப் பக்கமோ காட்டினேன். அவள் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். அந்தத் திசையில் டிஸ்பென்சரியின் சுவரும் ஒரு புங்கமரமும்தான் இருந்தன. அன்றிலிருந்து அந்த மரத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

கொஞ்ச நாளில் எல்லைப் பேச்சு முடிவுக்கு வந்தது. திருத்தணிப் பக்கம் மதராஸுக்குப் போகிறது, நாங்கள் ஆந்திராவில் இருக்கிறோம் என்றார்கள். மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. வேலையில் இருக்கிறவர்கள் சொந்த ஊர், தாய்மொழி எல்லாம் எழுதி அனுப்ப வேண்டும். டாக்டர் தன் தாளை ஒரு நிமிஷத்தில் எழுதி முடித்தார். முனியம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்தேன், அவள் கைநாட்டு வைத்தாள். என் தாளில் சொந்த ஊர் என்ற இடம் காலியாகவே கிடந்தது. டாக்டர் ஏன் என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்போதுதான் அவருக்கு விடுதிக் கதையெல்லாம் சொன்னேன். பொரிக்கஞ்சி எங்கம்மாவுடையது இல்லை என்பதையும் சொன்னேன். அது தனக்கு அன்றைக்கே தெரியும் என்றார்.

அவரே உட்கார்ந்து விடுதிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். பத்துப் பன்னிரண்டு நாளில் பதில் வந்தது, பழைய ரிஜிஸ்டரிலிருந்து ஒரு வரி. ஆண் குழந்தை, வயது மூன்று, தகப்பன் கோலாருக்குப் போய்த் தகவல் இல்லை, தாய் வாந்திபேதியில் இறந்தாள், கொண்டுவந்து சேர்த்தது தாயின் அக்காள். பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் பெயர் இருந்தது. மதராஸுக்குப் போகிற ஊர்களில் அதுவும் ஒன்று. நான் பேனாவை எடுத்து அந்தப் பெயரைத் தாளில் எழுதப் போனேன். டாக்டர் பேனாவை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்.

"காயிதம் நாளைக்கு போகலாம். இன்னிக்கி நீ போ."

பெரியம்மா

நகரி வரை ஒரு பஸ், அங்கிருந்து பள்ளிப்பட்டுக்கு ஒரு பஸ், பிறகு நடை. போகிற வழியெல்லாம் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இருந்தால், எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா என்ன கொடுத்தாள் என்று கேட்க வேண்டும். ஒரு கஷாயம், ஒரு பற்று, ஓர் இலை, எதுவாக இருந்தாலும் சரி. ஒன்று கிடைத்துவிட்டால், அடுத்த தடவை யாராவது கேட்கும்போது உண்மையைச் சொல்லலாம்.

பெரியம்மா இருந்தாள். வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். விடுதியின் பெயரைச் சொன்னேன். என் பெயரையும் சொன்னேன். முறத்திலிருந்து கையை எடுக்காமல் வெகுநேரம் என்னைப் பார்த்தாள். முதலில் குந்து என்றாள். பிறகு துன்னு என்றாள். களியும் கீரையும் வைத்தாள். நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயையும் எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேசினாள். அவளுக்கு ஐந்து பிள்ளைகள், புருஷன் ஆறாவது வாய் வேண்டாம் என்றுவிட்டானாம். முதல் வருஷத்தில் சித்தூருக்கு இரண்டு தடவை வந்து என்னைப் பார்த்திருக்கிறாள். நீ வந்துவிட்டுப் போனால் பையன் இரண்டு நாள் அழுகிறான், இனிமேல் வராதே என்று வார்டன் சொன்னாராம். அதற்குப் பிறகு வரவில்லை. வார்டன் நல்லவர்தான், உன் நல்லதுக்குத்தான் சொன்னார் என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முறத்தைத் துடைத்தாள். முறம் சுத்தமாகத்தான் இருந்தது.

நான் இந்தப் பக்கமே வேலையில் இருந்துவிட்டேன். அவள் ஊர் அந்தப் பக்கம் போனது. பெரியம்மா இருந்தவரை மாசம் ஒரு தடவை எல்லை தாண்டி அவளைப் பார்த்து வந்தேன். ஆனால் கேட்க நினைத்ததை முதல் நாளே கேட்டுவிட்டேன். எனக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அம்மா என்ன மருந்து கொடுப்பாள்? பெரியம்மா யோசிக்கவே இல்லை. அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"மருந்தா? அவளுக்கு இன்னாடா தெரியும், பதினெட்டு வயசுப் பொண்ணு. நீ அழுதா, அவளும் உன்னை மடியில போட்டுக்கினு கூட குந்தி அழுவா. ரெண்டு பேரையும் நான்தான் தூங்க வைப்பேன்."

வேளைக்கு இவ்வளவு மருந்து என்று காகிதத்தில் அளவுக் கோடு வெட்டிப் பாட்டில் பாட்டிலாக ஒட்டியே ஓய்வு பெற்றவன் நான்; கூட உட்கார்ந்து அழுவதற்கு மட்டும் வேளைக்கு எத்தனை கோடு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.